குரூப் போட்டோவில் இல்லாதவர்கள்

பள்ளிக்கூடப் பிரிவுபசார விழாவில் மாணவர் சார்பில் பேசுகிற பையனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வயது பதினாறோ பதினேழோதான் இருக்கும். மீசை இன்னும் தீர்மானமாக முளைத்திருக்காது. ஆனால் மேடை ஏறியவுடன் பென்ஷன் வாங்குகிறவரைப் போல, "அந்த இனிய நாட்களை எண்ணிப் பார்க்கும்போது..." என்று ஆரம்பித்து விடுவான். கீழே உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்கள் புன்னகை செய்வார்கள். நேற்றுவரை தம்மிடம் முழங்காலில் நின்றவனுக்கு இன்று 'அந்த நாட்கள்' வந்துவிட்டனவே என்று அவர்களுக்கு வேடிக்கை.

எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றுவதில்லை. ஒரு மனிதன் தன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் திரும்பிப் பார்க்கும் இடம் அது. அதற்கு முன்னால் அவனுக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அந்த முதல் பார்வையில் எதைப் பார்க்கிறான், எதை விட்டுவிடுகிறான் என்பதுதான் விஷயம்.

எங்கள் வகுப்பு 1959 ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்து, 1965-ல் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியது. அப்போது பள்ளிப் படிப்பு பதினோரு வகுப்பு. இந்தத் தலைமுறைக்குத் தெரிந்த பிளஸ் டூ 1978-ல்தான் வந்தது. அதன் முதல் பொதுத் தேர்வு 1980-ல். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஆறாம் வகுப்பை முதல் பாரம் என்றும், பதினோராம் வகுப்பை ஆறாம் பாரம் என்றும்தான் சொல்லுவார்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். சுற்றுவட்டாரத்தில் எட்டுப் பத்துக் கிராமங்களுக்கு அது ஒன்றுதான் ஹைஸ்கூல். சிலர் வாய்க்கால் வரப்பில் நாலு மைல் நடந்து வருவார்கள். மழைக்காலத்தில் அவர்கள் கால்சட்டையில் எந்த ஊர்ச் சேறு என்று நிறத்தைப் பார்த்தே எங்கள் டிரில் மாஸ்டர் சொல்லிவிடுவார்.

எங்கள் பிரிவுபசாரத்திலும் ஒரு மாணவன் பேசினான். அவனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. 1962-ல் சீனா படையெடுத்தபோது பாதுகாப்பு நிதிக்கு நாங்கள் வீடு வீடாக உண்டியல் ஏந்திப் போனது, 1964 மே மாதம் கோடை விடுமுறையில் நேரு காலமான செய்தியை ஊர்ப் பஞ்சாயத்து ரேடியோவில் கேட்டது, அதே ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்ட சேதி வந்தபோது வகுப்பு முழுவதும் வாயடைத்து உட்கார்ந்திருந்தது, 1965 ஜனவரிக் கடைசியில் ஹிந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி மூண்டு பள்ளிகள் மூடிக் கிடந்தது, அரிசிக்குக் கியூவில் நின்றுவிட்டு முதல் பீரியடுக்குத் தாமதமாக வந்தது எல்லாவற்றையும் சொன்னான். 'நாம் ஆறு ஆண்டுகள் ஒன்றாக இருந்தோம்' என்று முடித்தான். கை தட்டினோம். கேசரியும் பஜ்ஜியும் காப்பியும் வந்தன.

பிறகு குரூப் போட்டோ. வேப்ப மரத்தடியில் நாற்காலிகள் போட்டு நடுவில் ஹெட்மாஸ்டர், இரு பக்கமும் ஆசிரியர்கள், பின்னால் தரையில் நிற்கும் வரிசை, அதற்கும் பின்னால் பெஞ்சின் மேல் ஏறி நிற்கும் வரிசை. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு விட்டு வெளியே எடுத்து, "அந்தத் தம்பி கண்ணைக் கொட்டாதே" என்றார். எந்தத் தம்பி என்று தெரியாமல் எல்லாரும் விழித்தோம். படத்தைப் பார்த்தால் ஏதோ குற்றம் செய்து அகப்பட்ட கூட்டம் போல இருக்கிறோம். பிரதி ஒன்று மூன்று ரூபாய். படத்தில் இருப்பவர்களிலேயே ஏழு பேர் பிரதி வாங்கவில்லை. தன் முகம் இருக்கும் படம் தன் வீட்டில் இல்லாதவர்களும் உண்டு.

அடுத்தது ஆட்டோகிராஃப். ரோஸ், மஞ்சள், ஊதா என்று நிறம் நிறமாய்த் தாள்கள். நிலா, கடல், வானம் மூன்றையும் எங்கள் நட்புக்குச் சாட்சியாகக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டோம். ஆறு மாதத்தில் முகவரி மாறிப் போனவர்கள்கூட அதில் 'என்றும் மறவாத' நண்பர்கள்தான்.

கடைசியாக எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். சான்றிதழ் என்றாலும் அதைப் புத்தகம் என்றுதான் சொல்லுவோம். அங்க அடையாளங்கள், மார்க்குகள், ஹெட்மாஸ்டர் கையெழுத்து, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிறந்த தேதி. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள்! சோழ நாட்டுத் தாய்மார்கள் எல்லாரும் கலந்து பேசி ஜூனில் பிரசவித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். திண்ணையிலிருந்து பையனைக் கூட்டிவந்து, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் ஐந்து வயது நிரம்பிவிட்டது என்று ஆரம்பப் பள்ளி வாத்தியார் ஒரு தேதியை எழுதிக்கொள்வார். பள்ளிக்கூடம் திறப்பது ஜூனில். ஆகவே தேதியும் ஜூனில். அந்தத் தேதியைக் கொண்டுதான் பிற்காலத்தில் உத்தியோகம் கிடைத்தது. அந்தத் தேதியைக் கொண்டே ஓய்வும் பெற்றார்கள். பெற்ற தாய் சொன்ன நாள் ஜாதகத்தோடு போயிற்று.

போட்டோ, ஆட்டோகிராஃப், புத்தகம் ஆகிய இந்த மூன்றும்தான் ஒரு வகுப்பின் சரித்திரம் என்று வைத்துக்கொள்கிறோம். ஆனால் மூன்றும் கடைசி மாதத்தில் தயாரானவை. கடைசி மாதத்தில் இருந்தவர்களை மட்டுமே அவற்றுக்குத் தெரியும்.

கணக்கைச் சொல்லுகிறேன். 1959-ல் முதல் பாரத்தில் நாங்கள் நாற்பத்தாறு பேர். அதில் பெண்கள் ஒன்பது. 1965-ல் படத்தில் நிற்கும் மாணவர்கள் இருபத்து மூன்று பேர். அந்த இருபத்து மூவரிலும் ஆறு பேர் தகப்பனாருக்கு மாற்றலாகி நடுவில் வந்து சேர்ந்தவர்கள். ஆக, முதலில் உட்கார்ந்த நாற்பத்தாறு பேரில் கடைசிவரை வந்தவர்கள் பதினேழு. பெண்கள் இரண்டே பேர். 'நாம் ஆறு ஆண்டுகள் ஒன்றாக இருந்தோம்' என்றானே, அந்த 'நாம்' இவ்வளவுதான்.

மற்ற இருபத்தொன்பது பேர் ஒரே நாளில் போய்விடவில்லை. போனது யாருக்கும் சத்தமாகத் தெரியவும் இல்லை. ஒருவன் அறுவடைக்கு என்று போனான். அறுவடை முடிந்தும் வரவில்லை. ஒருவனுடைய தகப்பனார் இறந்தார். பதின்மூன்றாம் நாள் முடிந்து கடையில் உட்கார்ந்தான். கணக்கில் தவறி ஒரே வகுப்பில் தங்கியவர்கள் தம்பிகளோடு உட்கார வெட்கப்பட்டு நின்றார்கள். பெண்களோ, ஒரு வாரம் வராமல் இருப்பார்கள். வீட்டில் குச்சுக் கட்டிப் புட்டு சுற்றியதாகப் பேச்சு வரும். அதற்குப்பின் அந்தப் பெஞ்சில் ஓரிடம் காலி. யாரும் அவர்களுக்குப் பிரிவுபசாரம் நடத்தவில்லை. கேசரி கிடையாது. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்தரில் சில நாள் வராதவர் என்ற குறி வரிசையாக விழும். பிறகு ஆசிரியர் ஸ்கேலை வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு இழுப்பார். மறுநாளிலிருந்து அந்தப் பெயரைத் தாண்டி அடுத்த பெயரைக் கூப்பிடுவார். அவ்வளவுதான் விழா.

காமராஜர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான ஆண்டுகள் அவை. ஊர் ஊராகப் பள்ளிகள் திறந்தன. மதிய உணவு வந்தது. சம்பளச் சலுகைகள் விரிந்தன. அவை இல்லாவிட்டால் அந்த நாற்பத்தாறு பேரில் பாதிப் பேர் முதல் பாரத்து வாசற்படியையே மிதித்திருக்க மாட்டார்கள். வாசல் திறந்தது பெரிய காரியம். ஆனால் வீட்டில் ஒரு ஜோடிக் கை குறைகிறதே, அதை ஈடுசெய்ய வழி பிறப்பதற்கு இன்னும் வெகுகாலம் ஆக வேண்டியிருந்தது.

2025-ல் எங்கள் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. எழுதி அறுபது ஆண்டு நிறைந்தது. படத்தில் இருக்கும் இருபத்து மூவரில் பதினொருவர் இருந்தோம். ஓய்வு பெற்ற பாங்கி அதிகாரி ஒருவர் வாட்ஸ்அப்பில் குழு அமைத்து, பள்ளியிலேயே ஒரு சந்திப்புக்கு ஏற்பாடு செய்தார். அப்போதுதான் ஒரு விவாதம் கிளம்பிற்று. எட்டாம் வகுப்பில் நின்றுபோன நெசவாளர் ஒருவர் அதே ஊரில், அதே தெருவில் இருக்கிறார். அவரைக் கூப்பிடலாமா என்று ஒருவர் கேட்டார்.

பாங்கி அதிகாரி நல்லவர்தான். ஆனால் கணக்கில் கண்டிப்பு. "1965 எஸ்.எஸ்.எல்.சி. செட் என்றுதானே போட்டிருக்கிறோம்? அவர் எஸ்.எஸ்.எல்.சி. எழுதவில்லையே, ஐயா. ஒருவரைக் கூப்பிட்டால் எல்லாரையும் கூப்பிட வேண்டும்" என்றார். அவர் சொன்னதில் தர்க்கக் குற்றம் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் குழுவில் யாரும் பேசவில்லை.

மூன்றாம் நாள், கடைசிவரை படித்த இரண்டு பெண்களில் ஒருவர், பின்னாளில் தாமும் ஆசிரியையாக இருந்தவர், ஒரு வரி எழுதினார்: "அவர் நம்ம செட் இல்லை என்றால், அண்ணா, வேறு எந்த செட்?"

இதற்கு யாரிடமும் பதில் இல்லை. பள்ளியை முடித்தவனுக்கு ஒரு ஆண்டு உண்டு. அந்த ஆண்டைச் சொல்லி உலகத்தில் எங்கே போனாலும் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவனாகலாம். பாதியில் நின்றவனுக்கு அப்படிப்பட்ட ஆண்டு கிடையாது. எங்கள் பெஞ்சில் உட்கார்ந்த இரண்டரை ஆண்டுகள்தான் அவனுக்கு உள்ள பள்ளிக்கூடம். அதையும் நாங்கள் எங்களுடையது என்று வைத்துக்கொண்டால் அவன் எங்கே போவான்?

அவர் வந்தார். வெள்ளை வேட்டி, சலவைச் சட்டை. போட்டோவை வாங்கி வெகு நேரம் பார்த்தார். அதில் அவருக்குத் தெரியாத முகங்கள் ஆறு. சீன யுத்தம், நேருவின் மரணம் என்று நாங்கள் பேசியபோது சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். அவை ஒன்றும் அவருடைய பள்ளிக்கூடத்தில் நடக்கவில்லை. பேச்சு முதல் பாரத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார். ஆசிரியர் அட்டெண்டன்ஸ் எடுத்த வரிசையிலேயே பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, பத்து, இருபது... நாற்பத்தாறையும் சொன்னார். முதலில் நாங்கள் விளையாட்டாக "உள்ளேன் ஐயா" என்றோம். போகப் போக இடைவெளிகள் அதிகமாயின.

"எப்படிப்பா இவ்வளவு ஞாபகம்?" என்று பாங்கி அதிகாரி கேட்டார்.

"அப்பா தறியில் கரைப் பக்கத்து நாடாவைத் தள்ளிக் கொடுக்கச் சின்னக் கை ஒன்று வேணும். அதுக்குத்தான் என்னை நிறுத்தினாங்க. இழை எண்ணணும், இல்லே? ஒண்ணு ரெண்டுன்னு எண்ணினா அலுத்துப் போயிடும். இந்தப் பெயரைச் சொல்லி எண்ணுவேன். ஒரு சுத்துக்கு நாற்பத்தாறு" என்றார்.

நாங்கள் எல்லோரும் மேலே மேலே படித்தோம். கல்லூரி, உத்தியோகம், மாற்றல் என்று ஒன்றின்மேல் ஒன்றாக ஞாபகங்கள் விழுந்து அடியில் இருந்தவை நசுங்கிவிட்டன. அவருக்கு மேலே விழ ஒன்றும் இல்லை. ஆகவே அந்த இரண்டரை ஆண்டுகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. ரிஜிஸ்தர் எந்தக் கறையானுக்கு இரையாயிற்றோ தெரியாது. எங்கள் வகுப்பின் முழுக் கணக்கு ஒரு தறிக்குழியில் பத்திரமாக இருந்திருக்கிறது.

இன்று நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. 2022 முதல் ஆரம்பப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டி வந்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு அதே ஆண்டு தொடங்கிய திட்டத்தின்படி மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. வீட்டில் குறையும் கைக்கு ஈடு கொடுக்கவேண்டும் என்று அரசாங்கத்துக்கே தோன்றியிருப்பது சிறிய மாறுதல் அல்ல. ஆனாலும் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்த அத்தனை பேரும் பன்னிரண்டாம் வகுப்புப் படத்தில் நிற்கும் பள்ளி எங்கேயாவது இருந்தால், அதைப் போய்ப் பார்த்துவிட்டு வர எனக்கு ஆசை.

சந்திப்பின் நினைவாகப் பள்ளிக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. பழைய போட்டோவையே பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டுவதென்று முடிவாயிற்று. படத்தின் அடியில் வழக்கம்போல 'அமர்ந்திருப்பவர்கள்' என்று ஒரு வரி, 'நிற்பவர்கள்' என்று ஒரு வரி. அவற்றுக்குக் கீழே இன்னொரு வரியும் அச்சடிக்கச் சொன்னார் பாங்கி அதிகாரி. 'படத்தில் இல்லாதவர்கள்' என்று ஆரம்பித்து, நெசவாளர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட இருபத்தொன்பது பெயர்கள். அந்த வரி மற்ற இரண்டையும்விட நீளமாக வந்துவிட்டதால் சட்டத்தின் அளவையே கொஞ்சம் கூட்ட வேண்டியிருந்தது.