ஒரு வாசல், இரண்டு குடித்தனம்

கம்ப்யூட்டர்காரர்களுக்கு ஒரு பழக்கம். கண்ணுக்குத் தெரியாத சமாசாரத்துக்கெல்லாம் வீட்டுச் சாமான் பெயர் வைத்துவிடுவார்கள். ஜன்னல், குப்பைத் தொட்டி இப்படி! 'போர்ட்' என்பதைக் கதவு என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு கம்ப்யூட்டரில் இந்தக் கதவுகளுக்கு 65,535 வரை நம்பர் உண்டு. செட்டிநாட்டு வீட்டில்கூட இத்தனை கிடையாது!

இத்தனை இருந்தும் என்ன பிரயோஜனம்? வெப் சர்வர் என்கிற, கேட்டவருக்குக் கேட்ட பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் புரோகிராம், 80-ஆம் நம்பர் கதவுதான் வேண்டும் என்று அடம் பிடிக்கும். எச்.டி.டி.பி. முகவரி கொடுத்தால் பிரவுசர் வந்து தட்டுவது அதைத்தான்.

என் மாமாவின் ஹார்ட்வேர் கடையில் அப்பா-பிள்ளை யுத்தம் மூண்டது இதனால்தான். பில் போடும் புரோகிராம் மைக்ரோசாஃப்டின் ஐ.ஐ.எஸ். சர்வரில் ஓடுகிறது. பையன் மூன்று மாசம் கண் விழித்து, சரக்கு இருப்பைப் பார்க்க ஒரு புரோகிராம் எழுதி, அதே மெஷினில் அப்பாச்சி சர்வரில் ஏற்றினான். இரண்டு சர்வர்களுமே 1990-களின் நடுவில் பிறந்தவை. ஒத்த வயசு, விட்டுக்கொடுக்குமா?

ஒருநாள் காலை கரண்ட் போய் வந்தது. மெஷின் எழுந்ததும் அப்பாச்சி முந்திக்கொண்டு 80-இல் உட்கார்ந்துவிட்டது. பின்னால் வந்த ஐ.ஐ.எஸ். தளம், பஸ்ஸில் ஸீட் பறிகொடுத்தவர் மாதிரி நின்றுவிட்டது. பில் போட முடியவில்லை. கடையில் கூட்டம். தேதியோ 20. ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்குக் கடைசி நாள்!

"உன் வித்தையை முதல்ல தூக்கி எறிடா!" என்றார் மாமா. பையன் முகம் சுண்டிப் போயிற்று. பதில் பேசவில்லை.

எனக்கு போன் வந்தது. நான் பி.காம். கணக்கு டாலி ஆகவில்லை என்றால் கிழித்துப் போடுவதில்லை. எந்த என்ட்ரி என்று தேடுவோம். இங்கேயும் அதேதான். கமாண்ட் பிராம்ப்டில் 'நெட்ஸ்டாட்' அடித்து, பக்கத்தில் ஒரு கோடும் 'ஏ.என்.ஓ.'வும் சேர்த்தால், எந்தக் கதவில் யார் என்று நம்பரோடு பட்டியல் வருகிறது. அந்த நம்பரை டாஸ்க் மேனேஜரில் தேடினால் ஆள் அகப்பட்டுவிடுவார்.

அகப்பட்டார். அப்பாச்சியின் கான்ஃபிகரேஷன் ஃபைலில் 'லிசன் 80' என்றிருந்ததை 'லிசன் 8080' என்று மாற்றினோம். ஃபயர்வாலில் 8080-க்கு வழி விட்டோம். அப்பாச்சியை நிறுத்திக் கிளப்பி, ஐ.ஐ.எஸ்.ஸையும் எழுப்பினோம். இரண்டும் சமர்த்தாக ஓடின. சரக்கு இருப்பு பார்க்கிறவர்கள் மெஷின் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளி வைத்து 8080 போட வேண்டும், அவ்வளவுதான்.

'நம்பரெல்லாம் ஞாபகம் இருக்காது சார்' என்பவர்களுக்கும் வழி உண்டு. ஒரு சர்வரைத் திண்ணையில் உட்காரவைத்து, வருகிற விருந்தாளிகளில் இன்னொருவருக்கு வேண்டியவர்களை உள்ளே அனுப்பச் சொல்லலாம். இதற்கு 'ரிவர்ஸ் பிராக்ஸி' என்று பெயர்.

சாயங்காலத்துக்குள் ரிட்டர்ன் போய்விட்டது.

"ஒரே ஒரு வரிக்கா காலையிலேர்ந்து இத்தனை சத்தம்?" என்றார் மாமா.

"ஒரு வரிகூட இல்லை மாமா, ரெண்டே ரெண்டு இலக்கம்" என்றேன்.

பையன் சிரித்துவிட்டான். "நாளைக்கு அந்த ஆணி ஸ்டாக்கையும் அதுல ஏத்துடா" என்றார் மாமா.