முட்டையின் உறையும் ‘மலடி’ என்ற சொல்லும்

உயிர்கள் தோன்றும் முறையை நான்காக வகுத்துக் காண்பது நம்மிடையே நெடுங்கால மரபாகும். முட்டையிற் பிறப்பன, கருப்பையிற் பிறப்பன, வியர்வையிற் பிறப்பன, வித்து முதலியவற்றிற் பிறப்பன என்னும் அவ்வகுப்பைச் சைவ நூல்களைப் படிக்கப் புகும் மாணவர் தொடக்கத்திலேயே எதிர்கொள்வர். அண்டசம், சராயுசம் முதலிய வடமொழிப் பெயர்களும் அவர்களுக்குப் பழக்கமானவை. இவ்வகுப்பின்படி கோழியும் பாம்பும் மீனும் ஒரு பக்கம். பசுவும் மனிதனும் மறுபக்கம். கண்ணாற் கண்டதைக் கொண்டு செய்த வகுப்பு என்ற அளவில் இதிற் குறை காண்பதற்கில்லை. மேனாட்டிலும் நிலைமை பெரிதும் வேறுபட்டிருக்கவில்லை. விலங்குகள் யாவும் முட்டையிலிருந்தே தோன்றுகின்றன என்று 1651 இல் வில்லியம் ஆர்வி வாதிட்டார். எனினும் முலையூட்டியின் முட்டையை அவர் கண்டாரல்லர். 1827 இலேயே காள் ஏர்ண்ஸ்ட் வொன் பேயர் நாயொன்றின் சூலகத்திலிருந்து அதனைக் கண்டு அறிவித்தார். மனிதப் பெண்ணின் முட்டை ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு விட்டமே உடையது. அத்துணைச் சிறியது கண்ணுக்குத் தப்பியதில் வியப்பில்லை.

கலைப்பீடத்திலே தமிழ் பயிலும் யான் இத்தகைய பொருளொன்றை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் இரண்டு. விடுதியில் என்னோடு ஒரே அறையில் வாழ்பவள் விலங்கியற் சிறப்பு மாணவி. பரீட்சைக் காலத்தில் அவள் தன் பாடங்களை எனக்குச் சொல்லிச் சொல்லியே மனத்திற் பதிப்பாள். முட்டையின் உறையை ஆக்கும் பரம்பரை அலகுகள் பற்றி யான் முதன்முதலிற் கேட்டது அவ்வாறேயாகும். மற்றைய காரணம் என் தாயின் தங்கை. அவரைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

முட்டையின் உறை என்றதும் கோழிமுட்டையின் ஓடு நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால் ஓடு பின்னர் வந்து சேர்வது. முட்டையை உடைத்துத் தட்டில் ஊற்றும்போது மஞ்சட்கரு சிதறாது உருண்டையாக நிற்கின்றதன்றோ? அதனை அவ்வாறு பிடித்து நிறுத்துவது மிக மெல்லியதொரு சவ்வு. அதன் உட்படையே கோழிமுட்டையின் ஆதி உறை. சேவலின் விந்து சந்திப்பது இவ்வுறையை மட்டுமே. வெள்ளைக்கருவும் ஓடும் முட்டை கீழ்நோக்கிச் செல்லும் வழியிற் பின்னரே சேர்கின்றன. இத்தகைய உறை மீன், தவளை, பாம்பு, பறவை, முலையூட்டி ஆகிய முள்ளந்தண்டு விலங்குகள் யாவற்றின் முட்டையிலும் உண்டு. துறைதோறும் அதன் பெயர் வேறுபடும். முலையூட்டிகளில் அதனை ஒளிபுகு வலயம் எனப் பொருள்படும் இலத்தீன் பெயரால், சோனா பெலூசிடா என வழங்குவர்.

பெயர்கள் வேறாயினும் பொருள் ஒன்றே என்பதுதான் இங்குக் கருதத்தக்கது. இவ்வுறைகள் யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த புரதங்களால் இழைக்கப்பட்டவை. அவை ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 260 அமினோவமிலங்களைக் கொண்ட பொதுப் பகுதியொன்று காணப்படுகிறது. அப்பகுதியின் துணையாலேயே அவை ஒன்றோடொன்று கோத்து நாராகின்றன. சோனா பெலூசிடா என்பதன் முதலெழுத்துக்களைக் கொண்டு இசட்.பி.1, இசட்.பி.2 என்றவாறு இப்புரதங்களுக்கு எண்ணிட்டுள்ளனர். கோழியிடம் இக்குடும்பத்துப் பரம்பரை அலகுகள் ஆறு உள. மனிதரின் முட்டையுறையில் நான்கு புரதங்கள் உள. சுண்டெலியின் உறையில் மூன்றே உள. அதன் நான்காவது அலகு சிதைந்து பயனற்றுக் கிடக்கிறது. நாயிலும் பசுவிலும் சிதைந்திருப்பது முதலாவது அலகு.

சுவடிகளை ஒப்புநோக்கும் பயிற்சி பெற்ற தமிழ் மாணவர்க்கு இது புதிய செய்தியன்று. ஓர் ஏட்டைப் பலர் படியெடுக்கின்றனர். ஒருவர் ஒரு வரியை இருமுறை எழுதுகிறார். மற்றொருவர் ஓரடியை விடுகிறார். இன்னொருவரின் பிழை அவருக்குப் பின் வந்த படிகள் யாவற்றிலும் தொடர்கிறது. பிரதிகளை அருகருகே வைத்து நோக்கினால் எது எதிலிருந்து பிறந்தது என்பதையும், எந்த இடத்தில் எது விடுபட்டது என்பதையும் ஓரளவு துணியலாம். உயிர்நூலார் செய்வதும் இதுவே. தொன்மையான அலகொன்று இரட்டித்து, இரட்டித்தவை தத்தம் வழியில் மாறி, சில வழக்கொழிந்து போயின. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஏட்டைப் படியெடுத்தவர்க்கு மூலத்தைப் பேணும் நோக்கம் இருந்தது. இயற்கைக்கு அந்நோக்கம் இல்லை. வாழ உதவியது நின்றது, அவ்வளவே.

முட்டையுறைப் புரதங்களின் கூர்ப்பில் வியப்புக்குரிய செய்தியொன்று உண்டு. இன்றியமையாத உறுப்பொன்றின் புரதம் மாறாது நிலைத்திருத்தல் வேண்டும் என்றே நாம் எதிர்பார்ப்போம். 2001 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, முலையூட்டிகளின் இரண்டாம் மூன்றாம் உறைப் புரதங்களிற் சில பகுதிகள் இயற்கைத் தேர்வின் உந்துதலால் விரைந்து மாறிவந்துள்ளன எனக் காட்டியது. விந்து வேண்டும், ஆனால் ஒன்றுக்கு மேற்பட்டது உட்புகுமாயின் முலையூட்டியின் கரு அழியும். எனவே முட்டையின் வாயில் மாற, விந்தின் திறவுகோலும் அதற்கேற்ப மாறுகிறது என்பது ஆய்வாளர் பலர் தரும் விளக்கம். ஒரு விந்து உட்புகுந்தவுடன் முட்டை ஒரு நொதியத்தை வெளிவிட்டு இரண்டாம் புரதத்தை வெட்டிவிடுகிறது. அதன்பின் பிற விந்துக்களுக்கு வழி அடைபடுகிறது. பறவைகளின் நிலை வேறு. அவற்றின் முட்டையுட் பல விந்துக்கள் புகுதல் வழமை, அதனாற் கேடில்லை. என்புமீன்கள் பெரும்பாலானவற்றின் உறையில் விந்து நுழைவதற்கென்றே ஒரு நுண்டுளை அமைந்துள்ளது. உறை ஒன்றே, அது செய்யும் தொழில்தான் இடத்துக்கேற்ப வேறுபடுகிறது.

இதனினும் என் மனத்தைத் தொட்டது, இவ்வுறை எங்கே நெய்யப்படுகிறது என்ற செய்தி. முலையூட்டிகளில் வளரும் முட்டையே தன் உறையைப் பெரும்பாலும் தானே ஆக்கிக்கொள்கிறது. கோழியிலோ மூன்றாவது புரதத்தைச் சூலகத்தில் முட்டையைச் சூழ்ந்துள்ள கலங்கள் ஆக்க, முதலாவது புரதம் தாய்க்கோழியின் ஈரலிலே உருவாகிக் குருதி வழியாகச் சூலகத்தை அடைகிறது. சல்மன், மெடாக்கா முதலிய மீன்களிலும் உறைப் புரதங்கள் ஈரலிலேயே உருவாகின்றன. காப் மீனிலும் சீப்ரா மீனிலும் அத்தொழில் சூலகத்துக்குரியது. ஈரலை இப்பணிக்கு ஏவுவது ஈஸ்திரசன் என்னும் பெண் ஓமோன். ஆண்மீனின் ஈரலிலும் இதே பரம்பரை அலகு உண்டு. ஏவுவாரின்மையால் அது வாளாவிருக்கும். ஈஸ்திரசனைப் போன்று தொழிற்படும் கழிவுகள் நீரிற் கலந்தாலோ ஆண்மீனின் ஈரலும் முட்டையுறைப் புரதத்தை ஆக்கத் தொடங்கிவிடுகிறது. இதனை நீர் மாசடைந்தமைக்கு ஓர் அறிகுறியாக ஆய்வாளர் பயன்படுத்துகின்றனர்.

ஓர் அலகு உடலில் இருத்தல் வேறு, அது வெளிப்படுதல் வேறு என்ற இவ்வுண்மையே என்னைச் சின்னம்மாவிடம் கொண்டுசேர்த்தது. அவர் மணமுடித்து இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன, பிள்ளைகள் இல்லை. என் தங்கையின் சாமத்திய வீட்டில் ஆலாத்தி எடுப்பதற்குப் பெண்களை அழைத்தபோது, முன்னே வந்த அவரை உறவினர் ஒருவர் கையைப் பிடித்துத் தடுத்தார். வாய்திறந்து எதுவும் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் இருக்கவில்லை. சின்னம்மா என்னைப் பார்த்து, “பிள்ளை, நீ போய் எடு, நான் பின்னுக்கு நிக்கிறன்” என்றார். தட்டை என் கையிலே தந்தபோது அவருடைய முகத்தில் வழமையான சிரிப்பு மாறவில்லை என்பதே எனக்குத் தாங்கொணாததாக இருந்தது. அவர் எத்தனையோ வைத்தியர்களைக் கண்டவர். எத்தனையோ கோயில்களுக்கு நேர்ந்தவர். சித்தப்பா ஒருநாளேனும் பரிசோதனைக்குச் சென்றதில்லை. செல்லுமாறு அவரை எவரும் கேட்டதுமில்லை.

2014 இல் வெளிவந்த மருத்துவ ஆய்வொன்றைத் தோழி எனக்கு விளக்கினாள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பெண்கள் சிலருக்குப் பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. அவர்களின் முட்டைகளை நோக்கியபோது அவற்றுக்கு உறையே இருக்கவில்லை. முதலாம் உறைப் புரதத்துக்குரிய அலகில் எட்டு எழுத்துக்கள் விடுபட்டிருந்தன. அதனாற் குறுகிப்போன புரதம் மூன்றாம் புரதத்தையும் முட்டையின் உள்ளேயே தடுத்து நிறுத்திவிட்டது, உறை நெய்யப்படவில்லை. எட்டு எழுத்துக்கள்! 

இக்குறை ஒடுங்கிய இயல்புடையது. பழுதுற்ற படி ஒன்று மட்டும் இருப்பின் கேடு தோன்றாது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டும் பழுதுற்று வந்தால் மட்டுமே அது வெளிப்படும். ஆகவே அப்பெண்ணிடம் காணப்பட்ட குறையிற் சரிபாதி ஓர் ஆணிடமிருந்து வந்தது. அவ்வாணுடைய உடலில் முட்டை இல்லையாதலால் அங்கே அது வெளிப்படுவதற்கு இடமே இல்லை. தலைமுறை தலைமுறையாக ஆண்கள் அறியாது சுமந்துவந்த ஒன்று பெண்ணின் உடலிலே வெளிப்பட்டவுடன் அது அவளுடைய பழியாகிவிடுகிறது.

சின்னம்மாவுக்கு உற்றது இக்குறைதான் என்று யான் கூறவில்லை. இத்தகைய நிலை மிக அரிது; பிள்ளைப்பேறின்மைக்குக் காரணங்கள் பல. அக்காரணங்களைத் தேடிக் காணுமிடத்து ஏறத்தாழப் பாதியளவானவற்றில் ஆணின் பங்கும் உண்டு என்பது மருத்துவர் ஒப்புக்கொண்ட செய்தி. யான் கேட்பது வேறு. ‘மலடு’ என்ற சொல்லை விளையாத நிலத்துக்கும் ஈனாத பசுவுக்கும் வழங்குகிறோம். பெண்ணை அவற்றோடு ஒரே வரிசையில் நிறுத்தி ‘மலடி’ என்கிறோம். ‘மலடன்’ என்ற சொல்லும் அகராதியில் இல்லாமலில்லை. ஆயினும் எங்கள் ஊரில் அச்சொல்லை ஓர் ஆணின் முகத்தெதிரே யாரும் சொல்ல யான் கேட்டதில்லை. மொழியில் இரு சொற்களும் இருக்கின்றன. வழக்கில் ஒன்றுதான் வெளிப்படுகிறது. இதற்கு உயிரியற் காரணம் எதுவும் இல்லை. இது நாம் செய்துகொண்ட தேர்வு.

விஞ்ஞானம் படித்தால் மூடப்பழக்கம் தானே ஒழியும் என நம்புவோர் உளர். எனக்கு அந்நம்பிக்கை முழுமையாக இல்லை. சாமத்திய வீட்டில் சின்னம்மாவைத் தடுத்தவர் கல்வியறிவற்றவரல்லர். ஆய்வுகூடத்திற் கண்டறிந்தது ஆய்வுக் கட்டுரையில் ஆங்கிலத்திலே தங்கிவிடுகிறது. ஊரிலே வழங்கும் சொல் அதனால் அசைவதில்லை. ஆகவேதான் இது விஞ்ஞான பீடத்தாரின் பணி மட்டுமன்று என்கிறேன். கருக்கட்டலும் பரம்பரையும் பற்றித் தாய்மார் படிக்கக்கூடிய தமிழில் எழுதுவதும், மணமக்கள் இருவரும் ஒருங்கே பரிசோதனைக்குச் செல்வதை இழிவெனக் கருதாத மனநிலையை வளர்ப்பதும், சொற்களின் வரலாற்றைக் கற்கும் நம் போன்றோரின் கடனுமாகும்.

கருவைக் காத்த அவ்வுறையே ஒரு கட்டத்தில் நீங்கவும் வேண்டும். மனிதக் கரு ஐந்தாறு நாட்களில் அவ்வுறையைக் கிழித்து வெளிவந்தாலன்றிக் கருப்பையிற் பதிய இயலாது. நம் சமூகம் தன்னைக் காக்குமென எண்ணிப் போர்த்திக்கொண்ட வழக்கங்களுள்ளும் நீங்கவேண்டிய காலம் வந்தவை உள. ஆலாத்தித் தட்டை ஏந்துவதற்கு ஒரு பெண்ணுக்கு வேண்டுவது அன்புள்ள இரு கைகளேயன்றிப் பிறிதில்லை. அடுத்த முறை எங்கள் வீட்டில் மங்கலம் நிகழும்போது சின்னம்மாவே முதலில் அழைக்கப்பட வேண்டுமென அம்மாவிடம் கூறியுள்ளேன். அம்மா விடை எதுவும் கூறவில்லை, மறுக்கவுமில்லை.