முதலும் கனியும்

தமிழில் ‘முதலீடு’ என்கிறோம். முதல் என்பது வணிகனின் கைப்பொருள். மரத்தைத் தாங்கும் வேருக்கும் அடிக்கும் அதுவே பெயர். நிலத்துக்கு மேலே தெரியாத ஒன்றையும் பெட்டிக்குள் கிடக்கும் பொருளையும் நம் முன்னோர் ஒரே சொல்லால் குறித்தனர். அரபு மொழியில் இதற்கு ‘இஸ்திஸ்மார்’ என்று பெயர். ‘ஸமர்’ என்றால் கனி. கனியை நாடுதல் என்பது அச்சொல்லின் பொருள். ஒரு மொழி வேரை நினைக்கிறது; மற்றொரு மொழி கனியை நினைக்கிறது. பொருளைப் போடுகிறவன் இவ்விரண்டில் எதை நோக்கிப் போடுகிறான் என்பதைப் பொறுத்தே அவனுடைய திட்டம் வாழ்வதும் வீழ்வதும்.

இந்த எண்ணம் எனக்கு நூல்களிலிருந்து வரவில்லை, கால்பந்திலிருந்து வந்தது. நான் பாடம் சொல்லும் மாணவர்கள் அஸருக்குப் பின் பந்து உதைப்பார்கள். ஆங்கில நாட்டுக் கழகங்களின் பெயர்களை இலக்கண வாய்பாட்டைவிடச் சரளமாக ஒப்பிப்பார்கள். அவர்களில் ஒருவன் ஒரு நாள், “ஹஜ்ரத், ஒரு கழகம் தோற்றுத் தோற்றுக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிட்டால் அதன் முதலாளி இன்னும் பணம் போடுவாரா, விட்டுவிட்டுப் போய்விடுவாரா?” என்று கேட்டான். சிறுவனின் கேள்விதான், ஆனால் சிறிய கேள்வி அன்று. வீழ்ச்சிக்குப் பின் உடைமையாளன் என்ன செய்ய வேண்டும் என்பது வணிகத்துக்கும் பொருந்தும், குடும்பத்துக்கும் பொருந்தும். ஆகவே ஒரே கழகத்தின் வரலாற்றை எடுத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். அக்கழகம் இருபது ஆண்டுகளுக்குள் மும்முறை இறங்கியது. மும்முறையும் பொருள் இடப்பட்டது. விளைவு மட்டும் ஒன்றாக இல்லை.

இங்கிலாந்தின் கால்பந்து ஓர் ஏணி. உச்சியில் பிரீமியர் லீக். அதன் கீழே சாம்பியன்ஷிப். அதற்கும் கீழே லீக் ஒன். ஆண்டின் முடிவில் கடைசி இடங்களில் நிற்போர் கீழே இறக்கப்படுவர். உச்சியிலிருந்து இறங்கும் கழகத்துக்குத் தொலைக்காட்சி ஒளிபரப்பால் வரும் வருமானம் பெரும்பகுதி அற்றுப்போகும். ஆட்டக்காரர்களுக்கு எழுதிக்கொடுத்த ஊதிய ஒப்பந்தங்களோ பெரும்பாலும் அப்படியே நிற்கும். விழுகிறவன் நொறுங்காதிருக்கச் சில ஆண்டுகளுக்கு ஓர் உதவித்தொகை உண்டு. ‘பாராசூட் தொகை’ என்றே அதை அழைக்கிறார்கள். 2016 முதல், மேற்பிரிவுக் கழகங்கள் சமமாகப் பகிரும் ஒளிபரப்புத் தொகையில் முதலாண்டு நூற்றுக்கு 55, அடுத்த ஆண்டு 45, மூன்றாம் ஆண்டு 20 என்பது அதன் கணக்கு. அதற்குள் மேலேறாவிட்டால் முதலாளியின் பெட்டிதான் கதி. இரண்டாம் பிரிவின் கழகங்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், மொத்த வருமானத்தைவிட ஊதியச் செலவு மிகுந்த ஆண்டுகள் பல. அங்கே முதலாளி என்பவர் இலாபம் எடுப்பவரல்லர், இழப்பைச் சுமப்பவர்.

நான் படித்த கழகம் பிளாக்பர்ன் ரோவர்ஸ். 1875 ஆம் ஆண்டு தோன்றியது; 1888 இல் கால்பந்து லீக்கைத் தொடங்கிய பன்னிரு கழகங்களில் ஒன்று. லங்காஷயர் பகுதியின் பருத்தி ஆலை ஊர் பிளாக்பர்ன். இந்தியாவுக்குத் துணி அனுப்பி வாழ்ந்த ஊர் அது. அதையடுத்த டார்வனுக்கு 1931 இல் காந்தியடிகள் சென்று, அந்நியத் துணி மறுப்பால் வேலையிழந்த தொழிலாளர்களைக் கண்டு பேசினார். பின்னாளில் அந்த ஆலைகளில் வேலை செய்யக் குஜராத்திலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் முஸ்லிம்கள் சென்று குடியேறினர். 2021 மக்கள்தொகைக் கணக்கின்படி பிளாக்பர்ன், டார்வன் இரண்டும் அடங்கிய அந்த வட்டாரத்தில் நூற்றுக்கு 35 பேர் முஸ்லிம்கள்.

அவ்வூரில் பிறந்தவர் ஜாக் வாக்கர். தந்தையின் சிறு தகட்டுத் தொழிலை உடன்பிறந்தாரோடு சேர்ந்து பெரிய எஃகு நிறுவனமாக வளர்த்து, ஏறத்தாழ 33 கோடி பவுண்டுக்கு விற்றவர். 1991 இல் ரோவர்ஸைத் தம் பொறுப்பில் ஏற்றார். கழகம் அப்போது இரண்டாம் பிரிவில் கிடந்தது. கென்னி டால்கிலீஷ் என்ற தேர்ந்த பயிற்சியாளரை அழைத்தார்; ஆலன் ஷியரரை அந்நாளில் பிரித்தானியாவின் உச்ச விலை கொடுத்து வாங்கினார். 1995 இல் கழகம் நாட்டின் முதல்வனாயிற்று. 1914 க்குப் பின் அதுவே முதன்முறை. இவை கனிகள். எல்லோரும் கண்டார்கள். ஆனால் வாக்கரின் பொருள் வேருக்கும் சென்றது. ஈவுட் பார்க் மைதானம் ஏறத்தாழ 31,000 பேர் அமரும் அரங்காகப் புதுப்பிக்கப்பட்டது. பிராக்ஹால் என்ற சிற்றூரில் பயிற்சித் திடலும், இளையோரை உருவாக்கும் பயிற்சிக்கூடமும் அமைந்தன.

1999 இல் முதல் இறக்கம் வந்தது. பட்டம் வென்று நான்கே ஆண்டுகள். வாக்கர் கழகத்தைக் கைவிடவில்லை. 2000 ஆம் ஆண்டு கிரேம் சூனஸ் பயிற்சியாளராக வந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் வாக்கர் காலமானார். அடுத்த ஆண்டே கழகம் மேலேறியது; 2002 இல் லீக் கோப்பையையும் வென்றது. நட்டவர் மறைந்த பின்னும் மரம் காய்த்தது.

வாக்கரின் குடும்ப அறக்கட்டளை சில ஆண்டுகள் கழகத்தைத் தாங்கிற்று. பின்னர் விற்க முனைந்தது. 2010 நவம்பரில் 2.3 கோடி பவுண்டுக்கு வாங்கியவர்கள் நம் நாட்டினர்: புணே நகரின் வெங்கீஸ் நிறுவனத்தார். அனுராதா தேசாய் அம்மையாரும் அவருடைய உடன்பிறந்தார் இருவரும் அதன் தலைவர்கள். அவர்களின் தந்தை பி. வி. ராவ் 1971 இல் கோழிக்குஞ்சு பொரிப்பகமாகத் தொடங்கிய தொழில் அது. நாமக்கல் முட்டை விலையை நாள்தோறும் செய்தித்தாளில் பார்க்கிறோமே, அவ்விலையை அறிவிக்கும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை 1982 இல் உருவாக்குவதில் முன்னின்றவரும் அவரே. முட்டை, குஞ்சு, கோழி என்று படிப்படியாகப் பொறுத்து வளர்த்த குடும்பம். வேரின் அருமையை அறிந்த குடும்பம் என்றுதான் யாரும் எண்ணுவர்.

ஆனால் பந்தாட்டத்தில் அப்பொறுமை தொடக்கத்தில் காணப்படவில்லை. வாங்கிய மறுமாதமே அனுபவம் மிக்க பயிற்சியாளர் சாம் அலர்டைஸ் நீக்கப்பட்டார். தலைமைப் பயிற்சியாளராக இருந்தறியாத ஸ்டீவ் கீன் அந்த இடத்துக்கு வந்தார். பிரேசிலின் ரொனால்டினோவை அழைத்துவரப் போவதாகப் பேச்சு எழுந்தது, அவர் வரவில்லை. கழகத்தின் கூடத்தில் வளர்ந்த இளைஞர் பில் ஜோன்ஸ் 2011 இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்கப்பட்டார். ஆட்டக்காரர்கள் கோழிக்கறி விளம்பரத்தில் தோன்றினார்கள். 2012 மே 7 ஆம் நாள் சொந்த மைதானத்தில் விகன் அணியிடம் தோற்றுக் கழகம் இறங்கிற்று. ஆட்டத்தின் நடுவே யாரோ ஒரு கோழியைத் திடலில் விட்டார்கள். ஊரின் கோபத்தை உணர்த்த வேறொரு முழக்கம் தேவைப்படவில்லை.

இரண்டாம் இறக்கத்துக்குப் பின் உடைமையாளர்கள் கஞ்சத்தனம் செய்தார்கள் என்று சொல்ல இயலாது. ஜோர்டன் ரோட்ஸ் என்பவரை 80 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கினர். அவரும் தம் கடனை ஆற்றினார். மூன்றரை ஆண்டுகளில் எண்பதுக்கு மேற்பட்ட கோல்கள் அடித்தார். முப்பத்தைந்தைத் தொட்ட பெயர்பெற்ற ஆட்டக்காரர்களும் வந்தனர். உடனே மேலேறிவிடுவது என்பது திட்டம். ஆனால் யார் சொல்வது செல்லும் என்பதில் தெளிவில்லை. அந்த ஒரே பருவத்தில், இடைக்காலப் பொறுப்பாளர்களையும் சேர்த்து ஐவர் அணியை நடத்தினர். ஹென்னிங் பெர்க் 57 நாட்களில் நீக்கப்பட்டார். நீதிமன்றம் சென்று 22.5 லட்சம் பவுண்டு பெற்றார். அவருக்குப் பின் வந்த மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாட்கள் இருந்தார். ரோட்ஸ் கோல் அடித்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி வீடு இடிந்துகொண்டிருந்தது.

அதன்பின் வந்தது வேறொரு தடை. இழப்புக்கு எல்லை வகுக்கும் நிதி விதி அப்பிரிவில் இருந்தது. 2013-14 பருவத்துக்கு அவ்வெல்லை 80 லட்சம் பவுண்டு. கழகம் அதை வெகுவாகக் கடந்தது. 2015 ஆம் ஆண்டின் பெரும்பகுதி விலைகொடுத்து ஆள் வாங்க இயலாதபடி தடை விதிக்கப்பட்டது. பெட்டியில் பொருள் இருந்தும் திறக்க வழியில்லை. அவசரத்தில் செலவிட்ட பொருள், அவசியத்தில் செலவிடும் உரிமையைப் பறித்துவிட்டது. 2017 மே 7 ஆம் நாள், முந்தைய இறக்கத்திலிருந்து சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, பிரென்ட்ஃபோர்டில் 3-1 என்று வென்றும், கோல் வேறுபாட்டால் கழகம் மூன்றாம் பிரிவுக்கு விழுந்தது. பிரீமியர் லீக் பட்டம் வென்ற கழகம் ஒன்று அவ்வளவு கீழே இறங்கியது அதுவே முதன்முறை.

மூன்றாம் இறக்கத்துக்குப் பின் நடந்தது கருதத்தக்கது. சில மாதங்களுக்கு முன் பொறுப்பேற்றிருந்த டோனி மௌப்ரே என்ற நிதானமான பயிற்சியாளரை உடைமையாளர்கள் மாற்றவில்லை. அவர் கேட்ட அளவில் பொருள் கொடுத்து, அவர் சொல்லை நிற்கவிட்டார்கள். கீழ்ப்பிரிவுக் கழகமான கில்லிங்ஹாமிலிருந்து பிராட்லி டாக் வந்தார். அவர் விலை 7.5 லட்சம் பவுண்டு என்று அந்நாளைய செய்தித்தாள்கள் எழுதின. ரோட்ஸுக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வாண்டு அப்பிரிவின் சிறந்த ஆட்டக்காரர் விருது டாக்குக்குக் கிடைத்தது. 96 புள்ளிகளுடன் கழகம் உடனே மேலேறியது. பின்னரும் நான்கு பருவங்கள் மௌப்ரே இருந்தார். அதே உடைமையாளர், அதே மைதானம், அதே ஊர். மாறியது ஒன்றே: முடிவெடுக்கும் கை ஒன்றாயிற்று, அந்தக் கைக்குக் காலம் தரப்பட்டது.

இவ்விடத்தில் நீதி தவறாமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெங்கீஸார் கோபத்துக்கு ஆளானார்கள், ஆனால் ஓடிவிடவில்லை. பத்தாண்டுகளுக்கு மேலாக ஆண்டுதோறும் இழப்பை ஈடுசெய்தார்கள். தொலைவில் வாழ்ந்ததே குற்றம் என்றும் சொல்வதற்கில்லை. வாக்கரும் ஜெர்சித் தீவில் வாழ்ந்தவரே. கண்ணும் செவியும் அங்கே இருந்தால் உடல் எங்கிருந்தாலும் தாழ்வில்லை.

2023 முதல் அந்த ஈடுசெய்தலுக்கும் இடையூறு வந்தது. இந்தியாவில் நடந்த ஒரு விசாரணையின் காரணமாக, கழகத்துக்குப் பணம் அனுப்புவதற்கு டெல்லி உயர்நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டியதாயிற்று. உதவி வரும் வழி அடைபட்ட அந்த நாட்களில், 2024 இல், ஆடம் வார்டன் என்ற இருபது வயது நிரம்பாத இளைஞர் கிரிஸ்டல் பேலஸ் கழகத்துக்கு ஏறத்தாழ 1.8 கோடி பவுண்டுக்கு விற்கப்பட்டார். பிளாக்பர்னில் பிறந்து, ஆறு வயதில் கழகத்தின் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளை அவர். மூன்றாம் பிரிவில் கிடந்த ஆண்டிலும் அக்கூடத்தின் முதல்தரத் தகுதியைச் செலவு பாராமல் காத்திருந்தார்கள். அந்தப் பெருமை வெங்கீஸாருக்கு உண்டு. வாக்கர் நட்டது, இவர்கள் நீர் விட்டது, பெட்டி பூட்டிக் கிடந்த நாளில் வீட்டைக் காத்தது அம்மரத்தின் கனியே.

நம் சட்ட நூல்கள் வக்ஃபுக்குத் தரும் விளக்கம் இங்கே நினைவுக்கு வருகிறது. அடிப்பொருளை நிறுத்திவைப்பது, அதன் கனியை வழங்குவது. அடிப்பொருளை ‘அஸ்ல்’ என்பார்கள், அது வேர். கனியை ‘ஸமரா’ என்பார்கள். வேரை விற்க எவருக்கும் உரிமையில்லை. முத்தவல்லி காவலரே அன்றி உடைமையாளர் அல்லர். கால்பந்துக் கழகம் வக்ஃபு அன்று. பங்குப் பத்திரத்தில் எழுதி விற்கக்கூடிய சொத்து. ஆயினும் அதன் தன்மையில் வக்ஃபின் சாயல் ஒன்று உண்டு. இங்கிலாந்தும் அதை உணர்ந்தது போலும். 2025 ஜூலையில் நிறைவேறிய கால்பந்து ஆளுகைச் சட்டம் ஒரு தனி ஒழுங்காணையத்தை ஏற்படுத்தியது. கழகத்தை நடத்த உரிமம் வேண்டும். வாங்குபவர் தகுதியைச் சோதிக்க வேண்டும். சொந்த மைதானத்தை விற்க ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். கனி உனக்கு, வேரைத் தொடாதே என்பதுதான் இவ்விதியின் உட்பொருள்.

ஏனெனில், இறக்கத்தின் நாளில் இழப்பது முதலாளி மட்டுமல்லர். அவருக்கு விற்றுவிட்டுப் போகும் வழி இருக்கிறது. ஊருக்கு அவ்வழி இல்லை. தந்தை அழைத்துச் சென்ற இருக்கைக்கு மகனை அழைத்துச் செல்கிற தொழிலாளி, கழகம் கீழே போய்விட்டதென்று வேறு கழகத்துக்கு மாறிவிடுவதில்லை. அவன் போட்டது பணம் மட்டுமன்று, வாழ்நாள். அவனுடைய முதலீட்டுக்குக் கணக்கேடு கிடையாது. ஆகவே இழப்பீடும் கிடையாது.

2022 மே 2 ஆம் நாள் ஈவுட் பார்க் திடலில் நோன்புப் பெருநாள் தொழுகை நடைபெற்றது. இங்கிலாந்தில் ஒரு கால்பந்துக் கழகம் தன் ஆடுகளத்தைப் பெருநாள் தொழுகைக்குத் திறந்துவிட்டது அதுவே முதன்முறை. ஒரு காலத்தில் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகள் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த அரங்கில், அவர்களின் பேரப்பிள்ளைகள் புல்லின் மேல் விரிப்பு விரித்து வரிசையாக நின்றார்கள். அன்று அங்கே எந்த ஆட்டமும் இல்லை, புள்ளிப் பட்டியலும் இல்லை. ஆனாலும் அக்கழகத்தின் முதல் எது என்று யாரேனும் கேட்டிருந்தால், அந்த வரிசைகளையே சுட்டிக்காட்டியிருக்கலாம்.