மாமாவின் பத்மினி

மாமாவின் பழைய பிரீமியர் பத்மினிக்கு ஒரு மெக்கானிக் ஹெட்டைச் சீவிப் பெரிய கார்பரேட்டரும் மாட்டிவிட்டார். அன்று முதல் ஜூபிலி ஹில்ஸ் மேட்டில் வண்டிக்கு விக்கல். "எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடுங்கள், பறக்கும்" என்றார் ராணிகஞ்ச் கடைக்காரர். மாமா என்னைப் பார்த்தார். நான் இஞ்சினீயரிங் மாணவன் அல்லவா? என் விடுதிச் சாப்பாட்டுக்கென்று அவர் வைத்திருந்த பணந்தான் அதற்குப் போகும். ஆகையால் என் ஆராய்ச்சியில் சிரத்தை சற்று அதிகம்.

ஹெட்டைச் சீவினால் சிலிண்டரில் அழுத்தம் கூடும். பிளக் இடைவெளியைப் பொறி தாண்ட மின்னழுத்தமும் கூட வேண்டும். நான்கு சிலிண்டர் இஞ்சின் நிமிஷத்துக்கு 5000 சுற்றுச் சுற்றினால் வினாடிக்கு ஏறக்குறைய 167 பொறி. ஒவ்வொன்றுக்கும் இடையே 6 மில்லிசெகண்டுதான். அதற்குள் காயில் நிரம்பவேண்டும். கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யல்ல. ஆனால் மாமா 5000 சுற்றைக் கண்டாரா? மேட்டில் 2000-ஐத் தாண்டினாலே மாமி அலறுவாள்!

டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் திறந்தேன். பாயிண்ட் கருகிக் குழிந்திருந்தது. புதுப் பாயிண்டும் கண்டென்சரும் போட்டு, பீலர் கேஜால் இடைவெளி பிடித்து, டைமிங்கும் சரிசெய்தோம். பிளக் இடைவெளியைச் சிறிது குறைத்தேன். விக்கல் நின்றது. பணமும் பிழைத்தது.

பிறகு மாதம் ஒரு ஞாயிறு பாயிண்ட் பார்க்கப் போவேன். மாமி கையால் சாப்பாடும் உண்டு. பரீட்சைக் காலத்தில் இரண்டு மாதம் போகவில்லை. இடைவெளி குறைந்து மறுபடி விக்கல்! மாமா என்னைக் கேளாமலே போனஸ் பணத்தில் அந்தச் சாதனத்தை வாங்கிப் பூட்டிவிட்டார். வேகம் இம்மியும் கூடவில்லை. பாயிண்ட் பார்க்கும் வேலை மட்டும் ஒழிந்தது. கூடவே என் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும்.