புல்லுக்கே திரும்பிய நிலம்

அமெரிக்காவின் கொலராடோவில் இருந்தோம் என்றால் எல்லோரும் மலையைப் பற்றித்தான் கேட்பார்கள். கிரீலி நகரில் குடியிருந்த வருடங்களில், விடுமுறை வந்தால் அக்கம்பக்கத்தார் மேற்கே மலைக்குப் போவார்கள். நாங்கள் வடகிழக்கே போவோம். பிரிக்ஸ்டேல் என்ற சின்ன ஊரைத் தாண்டினால் பாவ்னி தேசியப் புல்வெளி. வாசலும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. தார் ரோடு மண் ரோடாகும், அவ்வளவுதான்.

முதல் தடவை மகள் காரைவிட்டு இறங்கவே இல்லை. "இங்க என்னப்பா இருக்கு?" என்றாள். கணுக்கால் உயரப் புல், முள்வேலி, தூரத்தில் மாட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கும் காற்றாடி. மிச்சமெல்லாம் வானம். எனக்கும் பதில் தெரியவில்லை.

அடுத்தடுத்துப் போகப் போகத்தான் கண் பழகியது. புளூ கிராமா புல்லின் கதிர் புருவம் மாதிரி ஒரு பக்கமாக வளைந்து நிற்கும். பிரெய்ரி நாய் என்பது நாயல்ல, அணில் இனம். அது தோண்டிய வளையின் வாயில் ஒரு சாண் உயர ஆந்தை பட்டப்பகலில் நின்றுகொண்டிருக்கும். அதன் குஞ்சுகள் பயந்தால் வளைக்குள்ளிருந்து கிலுகிலுப்பைப் பாம்பு போலவே சத்தமிடுமாம். நாங்கள் கிட்டப் போனதில்லை. காருக்குள் இருந்தே பைனாகுலரில் பார்ப்போம். பிராங்ஹார்ன் என்ற மான் போன்ற விலங்கு மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது. ஆனால் வேலி வந்தால் பெரும்பாலும் தாண்டாது. முழங்கால் மடித்து அடிக்கம்பிக்குக் கீழே நுழையும். அதை முதன்முதலில் பார்த்த அன்று மகள் மூச்சுவிடவில்லை.

அந்தப் புல்லுக்கு ஒரு கதை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரசு நிலம் தருகிறது என்று வந்த குடும்பங்கள் அதை உழுதன. 1930களில் மழை பொய்த்தது. வேர்கள் பிடித்துவைத்திருந்த மண் புழுதியாக எழுந்து போனது. நொடித்துப்போனவர்களிடமிருந்து அரசே நிலத்தை வாங்கிப் புல் விதைத்தது. 1960இல் தேசியப் புல்வெளி என்று பெயரிட்டார்கள். சுமார் 1,93,000 ஏக்கர், நடுநடுவே தனியார் நிலம். ஒருமுறை உழுத இடத்தில் புளூ கிராமா பழையபடி வர பல பத்தாண்டுகள் ஆகும். உழவைக் கையெடுத்துக் கும்பிடும் மொழியில் பிறந்தவன் நான். உழக்கூடாத மண்ணும் உண்டு என்று அங்கேதான் ஏற்றுக்கொண்டேன். இப்போது எண்ணெய்க் கிணறுகளும் அங்கே நிற்கின்றன. அதில் எனக்கு வருத்தம்தான்.

கடைசியாகப் போனது மகள் கல்லூரி சேரும் முன், ஒரு ஜூன் மாதம். பாவ்னி பட்ஸ் என்ற இரண்டு பாறைக் குன்றுகளை நோக்கி நடந்தோம். காற்றில் பேச்சே கேட்கவில்லை. புல்லிலிருந்து கறுப்புப் பறவை ஒன்று எழும்பி, இறக்கையின் வெள்ளைப் பட்டை மின்ன, பாடிக்கொண்டே மிதந்து இறங்கியது. நான் பைனாகுலரை எடுப்பதற்குள் "லார்க் பன்டிங்ப்பா, நம்ம ஸ்டேட் பறவை" என்றாள்.

நீங்கள் போனால் குடிக்கத் தண்ணீரும் வண்டியில் நிறையப் பெட்ரோலும் இருக்கட்டும். மழை பெய்தால் மண் ரோட்டில் இறங்க வேண்டாம். மார்ச் முதல் ஜூன் வரை அந்தக் குன்றுகளின் செங்குத்துப் பாறைகளை நெருங்காதீர்கள். கழுகுகளும் வல்லூறுகளும் அங்கே கூடு கட்டியிருக்கும்.