ஆயத்தமான கைகள்



பிழைப்பைத் தேடி நகரத்துக்கு வந்தவர்கள் நாம். நானும் தர்மபுரியிலிருந்து மைசூருக்கு அப்படி வந்தவனே. சொந்த ஊரில் ஆபத்து என்றால் உறவினர் ஓடி வருவர். இங்கே முதலில் வந்து நிற்பவர் அயலகத்தாரே.

2018, 2019ஆம் ஆண்டுகளின் ஆகஸ்ட் மாதத்தில் கபினி அணையிலிருந்து பெருவெள்ளம் திறந்துவிடப்பட்டபோது, நஞ்சன்கூட்டின் தாழ்வான பகுதிகள் நீரில் மூழ்கின. மைசூர்–நஞ்சன்கூடு சாலையில் போக்குவரத்து தடைப்பட்டது. சாலையே துண்டிக்கப்படும்போது மீட்புப் படையினர் வந்து சேரும்வரை மக்களின் உயிர் அயலாரின் கைகளில்தான் இருக்கிறது.

நல்ல மனம் மட்டும் போதுமா? 1985இல் மெக்சிகோ நகரை நிலநடுக்கம் தாக்கியபோது, பயிற்சியற்ற பொதுமக்கள் இடிபாடுகளிலிருந்து ஏறக்குறைய 800 பேரைக் காப்பாற்றினர். ஆனால் அம்முயற்சியில் அவர்களுள் ஏறக்குறைய 100 பேர் மாண்டனர். அன்பு அவர்களிடம் குறைவாயிருக்கவில்லை, பயிற்சிதான் இல்லை.

நம் நாட்டிலும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் 'ஆப்த மித்ரா' என்னும் திட்டத்தை, வெள்ள அபாயமுள்ள 30 மாவட்டங்களில் தொடங்கியது. பின்னர் அது 350 மாவட்டங்களில் 1 இலட்சம் தன்னார்வலரைப் பயிற்றுவிக்கும் நோக்குடன் விரிவாக்கப்பட்டது. பயிற்சிக் காலம் 12 நாட்கள்.

இத்தகைய பயிற்சிகள் கற்பிப்பவை எளியவையே. நீரில் தத்தளிப்பவரைக் கண்டால் உடனே குதிக்கலாகாது. கரையில் நின்றபடி கயிற்றையோ மூடிய காலிக் குடத்தையோ எறிய வேண்டும். இரத்தம் பெருகினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். எரிவாயு கசிந்தால் மின்விசையைத் தொடாமல் சன்னல்களைத் திறக்க வேண்டும். மூச்சும் பேச்சும் இன்றி விழுந்தவரின் மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும்.

என் தாயார் நடக்க இயலாதவர். பகலில் நான் வேலைக்குச் சென்றிருக்கையில் தீயோ வெள்ளமோ வந்தால், அவரை வெளியே கொண்டுவரப் போகிறவர் பக்கத்து வீட்டுக் கன்னட இளைஞரே. ஆகவே எங்கள் தெருவார் ஒரு ஞாயிறு மாலை கூடி, நடக்க இயலாதவரை நாற்காலியில் அமர்த்தி இருவர் தூக்கிச் செல்லும் முறையைப் பழகினோம். முதலில் அமர்ந்தவர் என் தாயாரே. எந்த வீட்டில் நோயாளி உண்டு, எவரிடம் ஏணியும் கயிறும் உண்டு என்பதையும் எழுதி வைத்தோம். 'பெங்கி' என்றால் நெருப்பு, 'சஹாய மாடி' என்றால் உதவி செய்யுங்கள் என்பதைத் தமிழ்ப் பிள்ளைகள் கற்றனர். அந்த இளைஞர் கற்ற பயிற்சி என் தாயாரின் உயிருக்கு ஒரு காவல்; நான் கற்றது அவர் வீட்டாருக்குக் காவல்.

நல்ல சமாரியனிடம் இரக்கம் மட்டுமா இருந்தது? காயத்தில் வார்க்க எண்ணெயும் திராட்சரசமும் கைவசம் இருந்தன. காயம் கட்டவும் அவன் அறிந்திருந்தான். சகோதரரே, சகோதரிகளே, அவசர உதவிக்கான 112 என்னும் எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். இவ்வாரமே அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் பெயரைக் கேட்டறியுங்கள்.