கறுத்த வெள்ளியைத் துலக்காதீர்கள்

வயது ஏற ஏற நாணயத்தின் விலையும் ஏறும் என்றொரு நம்பிக்கை நம்மவரிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பத்திரிகையில் பணியாற்றிய நாள்களில் நாணயங்களைப் பற்றி அவ்வப்போது எழுதியதன் பயனாக, இன்றும் தொலைபேசியில் இதே கேள்வி வந்துகொண்டிருக்கிறது: "பாட்டனார் காலத்துக் காசு ஐயா, இலட்சக்கணக்கில் போகும் என்கிறார்களே, உண்மையா?" நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிறிய உரோமச் செப்புக்காசுகள் இலங்கை மண்ணில் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. ஆயிரத்தைந்நூறு ஆண்டு பழைமை இருந்தும், தேய்ந்துபோன அவற்றுக்கு அற்ப விலையே உண்டு. எத்தனை எஞ்சியிருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன, எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள் என்பவையே விலையைத் தீர்மானிக்கின்றன.

என்னிடம் காட்டப்படும் வெள்ளி நாணயங்களில் அதிகமானது 1957ஆம் ஆண்டின் ஐந்து ரூபா. புத்த ஜயந்தியின் 2500ஆவது ஆண்டை முன்னிட்டு வெளியான ஞாபகார்த்த நாணயம் அது. எடை 28.28 கிராம், ஆயிரத்தில் 925 பங்கு தூய வெள்ளி. ஐந்து இலட்சம் அச்சிடப்பட்டு, அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை திரும்ப அனுப்பப்பட்டு உருக்கப்பட்டன என்று நாணயப் பட்டியல்கள் கூறுகின்றன. தனிச் சிங்களச் சட்டம் வந்த மறு வருடத்து நாணயம் இது என்பதையும் மறப்பதற்கில்லை. அப்படியிருந்தும் அது தமிழ் வீடுகளின் பூசையறைகளில் இலக்குமி விளக்கின் அருகே இடம்பிடித்தது. நம்மவர் அதைப் பேணியது புத்தருக்காக அல்ல, வெள்ளிக்காகவே என்பது என் கணிப்பு.

சில ஆண்டுகளுக்கு முன்னர், வெள்ளவத்தையில் வசிக்கும் காலஞ்சென்ற நண்பர் ஒருவரின் மனைவி என்னை அழைத்தார். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த ஒரு பிஸ்கட் பேணியை மேசையில் கவிழ்த்தார். 1957ஆம் ஆண்டு ஐந்து ரூபாக்கள் மூன்று. சேர்ச்சில் உருவம் பொறித்த பெரிய ஆங்கில நாணயம் ஒன்று. காந்தியின் பத்து ரூபா ஒன்று. "மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்றாகச் சமமாகக் கொடுத்துவிட வேண்டும் அண்ணை. பிறகு ஒருவருக்கொருவர் மனத்தாங்கல் வரக்கூடாது" என்றார்.

அவர் மிகவும் மதித்தது சேர்ச்சில் நாணயத்தைத்தான். மூத்த மகன் இலண்டனிலிருந்து அனுப்பியது. அது 1965இல் வெளியானது. ஏறக்குறைய இரண்டு கோடி அச்சிடப்பட்ட செப்பு-நிக்கல் கலவை. துளி வெள்ளியும் இல்லை. பிரித்தானியா 1947 முதல் புழக்க நாணயங்களில் வெள்ளியைக் கைவிட்டுவிட்டது. இலண்டனில் இதனை ஒரு தேநீர் விலைக்கு வாங்கலாம். காந்தி நாணயம் வெள்ளிதான். 15 கிராமில் நூற்றுக்கு எண்பது பங்கு. அதில் 1869–1948 என்று பொறித்திருப்பதால் அது 1948ஆம் ஆண்டு நாணயம் என்று நினைப்போர் பலர். அவை அண்ணலின் பிறப்பு, இறப்பு ஆண்டுகள். நாணயம் வெளியானது நூற்றாண்டு விழாக் காலமான 1969இல்.

மூன்று ஐந்து ரூபாக்களும் தராசில் ஒன்றுதான். ஆனால் ஒன்றின் தலையில் வளையம் பற்றவைக்கப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்டிருந்தது. யாரோ ஒரு குழந்தையின் சங்கிலியில் தொங்கியிருக்க வேண்டும். மற்றொன்று கண்ணாடிபோல் மின்னியது. தைப்பொங்கல் தோறும் திருநீறு போட்டுத் துலக்குவாராம். மூன்றாவது பேணியின் அடியில் பழைய கடதாசியில் சுற்றியபடியே கிடந்தது; ஓரங்களில் கறுத்து, நடுவில் சாம்பலும் இளநீலமுமாக நிறம் மாறியிருந்தது. "இதைத் துலக்க மறந்துவிட்டேன்" என்று அவர் குறைபட்டுக்கொண்டார். துலக்க மறந்த அந்த ஒன்றே சேகரிப்பாளரின் நாணயம். ஏனைய இரண்டும் நகைக்கடைக்காரரின் வெள்ளி.

காரணம் எளிது. புதிதாக அச்சான வெள்ளி நாணயத்தின் மேற்பரப்பில், உலோகம் அச்சுக்குள் பாய்ந்தோடியபோது உண்டான மிக நுண்ணிய வரிகள் இருக்கும். விளக்கொளியில் சற்றுச் சாய்த்துத் திருப்பினால், ஒளிக்கீற்று வண்டிச் சக்கரத்தின் ஆரைபோல் சுழலும். திருநீறோ புளியோ சாம்பலோ போட்டு ஒரு தடவை தேய்த்தாலே அந்த வரிகள் அழிந்துவிடும்; மயிரிழைக் கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாக எஞ்சும். பின்னர் வருவது பளபளப்பு மட்டுமே. அந்தச் சுழலும் ஒளி மீளாது. கறுப்போ காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாவது. அது மெல்லிய படலமாக இருக்கும்வரை கேடில்லை. கறுப்பின் அடியில் அந்தச் சக்கர ஒளி தெரிகிறதா, உருவங்களின் மிக உயர்ந்த மேடுகள் மழுங்காமல் இருக்கின்றனவா, விளிம்பில் அடிபட்ட பள்ளம் உண்டா என்று பார்ப்பதே நிலையை மதிப்பிடுதல். உருப்பெருக்கியைவிட நல்ல வெளிச்சமும் பொறுமையும் அதிகம் உதவும்.

வெள்ளியா அல்லவா என்ற சந்தேகத்துக்குச் சிலர் காந்தத்தை நம்புகிறார்கள். செப்பு-நிக்கல் கலவையிலும் காந்தம் ஒட்டாது. அமிலத் துளி சோதனை நாணயத்தையே கெடுக்கும். சமையலறை மின்தராசில் நீர்க் கிண்ணத்தை வைத்து அளவைப் பூச்சியமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் நீரில் அமிழ்த்துங்கள். காட்டும் எண்ணால் காசின் எடையை வகுங்கள். 1957ஆம் ஆண்டு நாணயத்துக்கு 2.73 அளவில் காட்டும். வகுத்தால் பத்தைச் சற்றுத் தாண்டும். செப்பு-நிக்கலுக்கு ஒன்பதை ஒட்டி வரும். நூறில் ஒரு கிராம் வரை காட்டும் தராசாக இருக்க வேண்டும். காசை வெளியே எடுத்ததும் மென்துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

அடுத்தது விலை. இணையத்தில் ஒருவர் கேட்கும் தொகையை விலையென்று கொள்ளக்கூடாது. விற்று முடிந்த தொகைகளைத் தேடிப் பார்க்க வேண்டும். உலோகப் பெறுமதி ஓர் அடித்தளம். 1957ஆம் ஆண்டு நாணயத்தில் 26 கிராமுக்குச் சற்றுக் கூடுதலான வெள்ளி உண்டு. 2025 ஒக்டோபரில் வெள்ளி ஓர் அவுன்ஸ் 50 அமெரிக்க டொலரைத் தாண்டியபோது, உள்ளிருந்த வெள்ளி மட்டுமே 42 டொலரளவு பெற்றது. தேய்ந்த நாணயத்துக்குச் சேகரிப்பாளர் தருவதையும் உலையில் போட்டால் வருவதையும் இத்தகைய ஏற்றங்கள் ஒன்றாக்கிவிடுகின்றன. அப்போது கொழும்புச் செட்டியார் தெருவுக்குப் போகும் பேணிகளில் கறுத்த நல்ல நாணயமும் சேர்ந்தே போகிறது; தராசு அதைப் பிரித்தறிவதில்லை.

நண்பரின் மனைவியிடம், மூன்றும் சமமல்ல என்பதை மூன்று பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் சற்று யோசித்து, கறுத்ததைக் கடைசி மகளுக்கு ஒதுக்கினார்; காந்தியை, வளையமிருந்த காசு போகும் பிள்ளைக்குச் சேர்த்தார். சேர்ச்சிலைத் தாமே வைத்துக்கொண்டார். மகன் அனுப்பியதல்லவா?

இனி வைத்திருக்கப் போகிறவர்களுக்கு: விளிம்பில் மட்டும் பிடியுங்கள். மென்மையான பீவீசீ பிளாஸ்ரிக் உறைகளைத் தவிருங்கள். நம்முடைய வெக்கையில் அவை காலப்போக்கில் பச்சைப் பிசினைக் கசியவிடும். அப்படிப் படிந்துவிட்டால் தூய அசிட்டோனில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுக்கலாம், வெள்ளிக்குத் தீங்கில்லை. மற்றப்படி கந்தகமும் அமிலமும் சேராத கடதாசி உறை போதும்.